தினமும் தேய்த்தும் பல் ஏன் சொத்தையாகிறது? பதின்ம வயதும் இரவுப் பல் தேய்ப்பும்

2002-03இல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 12 வயதுப் பிள்ளைகளில் 53.8 சதவீதம் பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது. 15 வயதில் அது 63.1 சதவீதம். கணக்கு பழையதுதான். ஆனால் மூன்றே வயது வித்தியாசத்தில் இவ்வளவு ஏற்றம் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். இவர்களையெல்லாம் பல் தேய்க்காத பிள்ளைகள் என்று சொல்லிவிட முடியாது. பல் தேய்க்காதவனுக்குக் காபி கிடையாது என்று சட்டம் வைத்திருக்கும் வீடுகள் நம்முடையவை.

"தினமும் தேய்க்கத்தானே செய்கிறான், அப்புறம் எப்படி டாக்டர் சொத்தை வந்தது?" பல் மருத்துவமனைகளில் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அப்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். கேள்வி நியாயமானது. பதில் எந்த பிரஷ், எந்த பேஸ்ட் என்பதைவிட, எந்த நேரத்தில் தேய்க்கிறோம் என்பதில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளப் பல்லிலிருந்தே தொடங்கலாம்.

12 வயதில் வாய்க்குள் நடப்பது

பால் பற்கள் 20. ஆறு வயதையொட்டி அவை ஒவ்வொன்றாக விழ, நிரந்தரப் பற்கள் முளைக்கின்றன. 12, 13 வயதில் இரண்டாவது கடைவாய்ப் பற்களும் வந்துவிடும். ஞானப்பல் நான்கும் 17 வயதுக்கு மேல்தான் என்பதால், அதுவரை வாயில் 28 பற்கள். இனி விழுந்தால் முளைக்காத பற்கள் இவை.

பல்லின் மேல் ஓடான எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். உயிருள்ள செல் ஒன்றுகூடக் கிடையாது. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும், எனாமலில் ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான்.

இன்னொன்றும் உண்டு. ஈறைக் கிழித்துக்கொண்டு புதிதாக வந்த பல்லின் எனாமல் முழுதாக முற்றியிருக்காது. உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் மெல்ல மெல்ல உள்ளே இறங்கி அதைக் கெட்டிப்படுத்த ஓரிரு ஆண்டுகளாவது ஆகும். புதிதாகப் போட்ட சிமென்ட் தரைக்குத் தண்ணீர் விட்டு ஆற வைப்பதைப் போல. அந்த இடைவெளியில் பல் எளிதில் கரையும். அதாவது 12 முதல் 15 வயதுக்குள், கடைசியாக வந்த கடைவாய்ப் பற்கள் இன்னும் பச்சையாக இருக்கும்போது, பிள்ளையின் கையில் முதன்முதலாகச் சொந்தப் பணம் வருகிறது, டியூஷனுக்குப் போகும் வழியில் பேக்கரி வருகிறது, அம்மா பக்கத்தில் நின்று பல் தேய்த்துவிட்ட காலமும் முடிந்துவிடுகிறது. மூன்றும் ஒரே நேரத்தில்.

பூச்சிப் பல்லில் பூச்சி கிடையாது

சொத்தையைப் பூச்சிப் பல் என்கிறோம். உள்ளே புழு எதுவும் இல்லை. நடப்பது இதுதான்:

1. பல்லின் மேல் பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு மெல்லிய படலமாகப் படிகின்றன. காலையில் நாக்கால் தடவினால் வழவழப்பாகத் தட்டுப்படுமே, அதுதான். பல் மருத்துவர்கள் பிளாக் என்பார்கள். இதில் முக்கியக் குற்றவாளி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற கிருமி.

2. நாம் சாப்பிடும் சர்க்கரையை இவையும் சாப்பிடுகின்றன. சாப்பிட்ட பின் அமிலத்தைக் கழிக்கின்றன.

3. சாதாரணமாக வாயின் அமிலத்தன்மை நடுநிலையை ஒட்டியே இருக்கும். அதை அளக்கும் பி.ஹெச் எண் 7க்கு அருகில் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). சர்க்கரை உள்ளே போன சில நிமிடங்களில் அந்த எண் 5.5க்குக் கீழே இறங்குகிறது. எனாமல் கரையத் தொடங்கும் எல்லை இந்த 5.5.

4. உமிழ்நீர் வந்து அமிலத்தைக் கழுவி, நீர்த்துப்போகச் செய்து, இழந்த தாதுக்களைப் பல்லுக்குத் திருப்பித் தருகிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும்.

5. கரைவது அதிகமாகி, திரும்பி வருவது குறைந்தால், முதலில் பல்லில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டு தோன்றும். இந்தக் கட்டத்தில் திருப்பிவிடலாம். இதைத் தாண்டிக் குழி விழுந்துவிட்டால் மருத்துவர் அடைத்தால்தான் உண்டு.

நான்காவது புள்ளியைக் கொஞ்சம் கவனியுங்கள். எவ்வளவு இனிப்பு என்பதோடு, எத்தனை தடவை என்பதும் பெரிய கேள்வி. ஒரு முழு லட்டை ஒரே மூச்சில் சாப்பிட்டால் பல்லுக்கு ஒரு தாக்குதல். அதே லட்டை உதிர்த்து உதிர்த்து மதியத்திலிருந்து மாலை வரை கொறித்தால் நாலைந்து தாக்குதல். ஒரு பாட்டில் கோலாவை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சப்பிக்கொண்டே கேம் ஆடும் பையனுடைய பல்லுக்கு அந்த இரண்டு மணி நேரமும் ஓய்வில்லை. கோலாவின் பி.ஹெச்சே 2.5 அளவுதான், அதாவது கிருமியின் உதவி இல்லாமலே பல்லை அரிக்கும். 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை வேறு. சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல் நாளின் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. 5 சதவீதம் என்பது பெரியவர்களுக்கே சுமார் 25 கிராம். கால் லிட்டர் பாட்டிலில் அது முடிந்துவிடும்.

இனிப்பு மட்டும்தான் எதிரி என்றும் நினைக்க வேண்டாம். சிப்ஸ், பிஸ்கட், மிக்சர் எல்லாம் மாவு. உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் நொதி அந்த மாவைச் சர்க்கரையாக உடைக்கும். பல்லிடுக்கில் அப்பிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும் குணமும் அதற்கு உண்டு.

உமிழ்நீர் தூங்கப் போகும் நேரம்

பல்லுக்கு இயற்கை வைத்திருக்கும் காவலாள் உமிழ்நீர் என்று பார்த்தோம். அந்தக் காவலாள் இரவில் வேலைக்கு வருவதில்லை. தூங்கும்போது உமிழ்நீர்ச் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோகிறது. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர்களுக்கு வாய் காய்ந்தே போகும்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, நீட் என்று ஏதோ ஒரு தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் இரவை நினைத்துப் பாருங்கள். ஒன்பது மணிக்குச் சாப்பாடு. பதினோரு மணிக்குத் தூக்கம் வராமலிருக்க அம்மா போட்டுத் தரும் டீ, கூடவே நாலு பிஸ்கட். பன்னிரண்டு மணிக்குப் புத்தகத்தின் மேலேயே தூக்கம். அந்த பிஸ்கட் கடைவாய்ப் பல்லின் குழியில் காலை ஆறு மணி வரை அப்படியே இருக்கும். கழுவ உமிழ்நீர் இல்லை. ஆறு மணிக்கு எழுந்து இரண்டு நிமிடம் நுரை பொங்கத் தேய்க்கிறான். திருடன் போன பிறகு கதவைப் பூட்டுவது என்பார்களே, அதுதான்.

நம் ஊரில் பல் தேய்ப்பது சுத்தம் பற்றிய சடங்கு. எழுந்ததும் பல் தேய்ப்பது, குளிப்பது, பிறகுதான் சாப்பாடு. அதன் நோக்கம் வாய் நாறாமல் அடுத்தவர் முன் நிற்பது. தேய்க்காமல் வெளியே போனால் அசிங்கம், அதனால் யாரும் தவறவிடுவதில்லை. இரவில் தேய்க்காமல் படுத்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆகவே இரவுத் தேய்ப்பு என்ற ஒன்று நம் வழக்கத்தில் உருவாகவே இல்லை. பல் என்று பேச்செடுத்தாலே வந்து நிற்கும் ஆலும் வேலும்கூடக் காலைக் குச்சிகள்தான்! அவற்றின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்து நிமிடம் மென்று தேய்க்கிறவருக்குப் படலம் நன்றாகவே போகும். இன்று நாம் குச்சியை விட்டு பிரஷ்ஷைப் பிடித்தோம், பத்து நிமிடத்தை ஒரு நிமிடமாக்கினோம், சர்க்கரையைப் பல மடங்காக்கினோம், நேரத்தை மட்டும் மாற்றவில்லை.

ஆக, பதின்ம வயதுப் பிள்ளையிடம் ஒரே ஒரு பழக்கத்தைக் கேட்டு வாங்க முடியும் என்றால், அது இரவில் தேய்ப்பதாக இருக்கட்டும். காலையில் காபிக்கு முன்பா பின்பா என்ற சண்டையெல்லாம் அதற்கு அப்புறம்.

ஈறில் ரத்தம் வந்தால் நிறுத்தலாமா?

பருவ வயதில் சுரக்கும் ஹார்மோன்கள் ஈறையும் விட்டுவைப்பதில்லை. ரத்த ஓட்டம் கூடி, அதே அளவு படலத்துக்கு ஈறு முன்பைவிட அதிகமாகக் கோபித்துக்கொள்ளும். சிவக்கும், உப்பும், பிரஷ் பட்டதும் ரத்தம் கசியும். பிள்ளை பயந்துபோய் அந்த இடத்தைத் தொடாமல் விடும். படலம் இன்னும் சேரும், ரத்தம் இன்னும் வரும். பாட்டி வந்து, "பிரஷ்ஷே வேண்டாம், விரலால் தேய்" என்று முடித்துவைப்பார்.

உண்மை இதற்கு நேர் எதிர் என்று 1965லேயே தெரிந்துவிட்டது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேரைப் பல் தேய்ப்பதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள், பாவம். இரண்டு மூன்று வாரங்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்க்கச் சொன்னதும் ஒரு வாரம் போலச் சரியாகிவிட்டது. ஈறு நோய்க்குக் காரணம் படலம்தான் என்பதை மறுக்க முடியாமல் காட்டிய சோதனை அது.

எனவே ரத்தம் வருகிற இடத்தைத்தான் இன்னும் கவனமாக, மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் பிரஷ்ஷைச் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாக. ரம்பம் அறுப்பதைப் போலக் குறுக்கே இழுப்பது தேய்ப்பு ஆகாது. இரண்டு வாரம் ஒழுங்காகத் தேய்த்தும் நிற்கவில்லை என்றால் படலம் இறுகிக் காரையாகப் படிந்திருக்கலாம். கெட்டியாகிவிட்ட காரையை எந்த பிரஷ்ஷும் எடுக்காது. மருத்துவர் கருவியால் அதை அகற்றுவார், ஸ்கேலிங் என்பது இதுதான். "கிளீன் பண்ணினால் பல் ஆடும்" என்பது ஊரெல்லாம் உலவும் பயம். காரை தாங்கிப் பிடித்திருந்த இடம் வெறுமையாவதால் அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான். பல்லை ஆட்டுவது காரையின் அடியில் நடக்கும் அழற்சி.

ஃப்ளோரைடு குழப்பம்: அமெரிக்காவும் தருமபுரியும்

2025இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலம் பொதுக் குடிநீரில், சொத்தையைத் தடுப்பதற்காக ஃப்ளோரைடு என்ற தாதுவைக் கலப்பதைத் தடை செய்தது. அடுத்து ஃப்ளோரிடாவும். அதற்கு முந்தைய ஆண்டு, ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள நீரைக் குடிக்கும் பிள்ளைகளின் நுண்ணறிவு அளவு குறைவாக இருப்பதோடு அதற்குத் தொடர்பு தெரிகிறது என்று அந்நாட்டு அரசு அமைப்பான தேசிய நச்சியல் திட்டம் அறிக்கை தந்திருந்தது. இந்த இரண்டு செய்தியும் வாட்ஸ்அப்பில் கலந்து, "ஃப்ளோரைடு பேஸ்ட் மூளைக்கு ஆபத்து" என்று உருமாறி நம் வீடுகளுக்கு வந்து சேர்கிறது. உடனே பேஸ்ட் மாறுகிறது. இங்கே பிரித்துப் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, குடிப்பது வேறு, தேய்த்துத் துப்புவது வேறு. அமெரிக்காவில் 1945 முதல் நடந்துவருவது, குறைவாக ஃப்ளோரைடு உள்ள நீரில் திட்டமிட்டுச் சேர்ப்பது. இப்போது அங்கே பரிந்துரைக்கப்படும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். அறிக்கை பேசியது அதைப் போல இரு மடங்குக்கும் மேற்பட்ட அளவைப் பற்றி. இந்தியாவில் யாரும் குடிநீரில் ஃப்ளோரைடு சேர்ப்பதில்லை. அதிகமாக இருப்பதை எப்படிக் குறைப்பது என்பதுதான் நம் பிரச்சினை.

இரண்டாவது, அந்தப் பிரச்சினை உண்மையானது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் வட்டாரங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் முக்கியக் காரணம். சிறு வயதில், பல் தாடைக்குள் உருவாகும் காலத்தில், அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்கு நிரந்தரப் பற்கள் வெள்ளைத் திட்டோடும் பழுப்புக் கறையோடும் முளைக்கின்றன. அந்தப் பிள்ளையைப் பார்த்து "ஒழுங்காகப் பல் தேய்க்க மாட்டாயா" என்று வகுப்பில் கேட்பது கொடுமை. அது அழுக்கே இல்லை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கரி, செங்கல் தூள் என்று தேய்த்தால் எனாமல்தான் தேயும். பல் மருத்துவர்கள் வெளுக்க வைப்பது, மேற்பூச்சு கொடுப்பது என்று சில வழிகள் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, இந்தக் கறை எட்டு வயதுக்கு முன், பல் உருவாகும்போது மட்டுமே விழக்கூடியது. 13 வயதில் ஞானப்பல் தவிர மற்ற எல்லாப் பற்களின் மேற்பகுதியும் உருவாகி முடிந்துவிட்டது. பதின்ம வயதில் ஃப்ளோரைடு பேஸ்ட்டால் தேய்த்துத் துப்புவதால் வெளியே தெரியும் பற்களில் புதிதாகக் கறை வராது. பலன் மட்டும் உண்டு: கரைந்த எனாமலுக்குள் கால்சியம் திரும்பிச் சேர ஃப்ளோரைடு உதவுகிறது, அப்படிச் சேரும் தாது முன்பிருந்ததைவிட அமிலத்தை அதிகம் தாங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஃப்ளோரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

பேஸ்ட் வாங்கும்போது பார்க்க வேண்டியது விளம்பரத்தில் சொல்லும் உப்பு, கிராம்பு, கரி எதையும் அல்ல. அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் ஃப்ளோரைடு எத்தனை பி.பி.எம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று இருக்கும். இந்திய விதிப்படி 1000க்கு மேல் போகக் கூடாது, அளவை அச்சிட வேண்டும். மூலிகை பேஸ்ட் பலவற்றில் ஃப்ளோரைடு இருப்பதில்லை. தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டு நாலு தடவை கொப்பளித்தால் ஃப்ளோரைடும் கூடவே போய்விடும். கொப்பளிக்காமல் விடுவது நமக்கெல்லாம் ஒவ்வாத காரியம் என்று தெரியும். இரவில் மட்டுமாவது முயன்று பார்க்கலாம்.

தெரிந்தும் ஏன் செய்வதில்லை?

இவ்வளவையும் ஒரு பிள்ளையிடம் விளக்கினால் நாளையிலிருந்து தேய்க்குமா? தேய்க்காது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் 40க்கு மேற்பட்ட பள்ளிகளில், 4,000க்கு மேற்பட்ட 11 முதல் 13 வயது மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். சோதனையின் பெயர் பிரைட். பாதி பேருக்குப் பல் பற்றி வகுப்பில் பாடம், பிறகு தினம் இரண்டு வேளை தேய்க்க நினைவூட்டும் குறுஞ்செய்தி. ஆறாவது மாதத்தில் இரண்டு வேளை தேய்ப்பதாகச் சொன்னவர்கள் சற்றுக் கூடினார்கள். இரண்டரை ஆண்டு கழித்து வாயைத் திறந்து பார்த்தபோது, செய்தி வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் சொத்தையில் வித்தியாசமில்லை.

நாம் வீட்டில் செய்வதும் இதே நினைவூட்டல்தான், கொஞ்சம் சத்தமாக. "டேய், பல் தேய்ச்சியா?" என்ற கேள்விக்கு உலகம் முழுவதும் ஒரே பதில், "ம்". கேட்கக் கேட்க அது அம்மாவின் வேலையாகவே ஆகிவிடுகிறது. அவர் கேட்க மறந்த நாளில் பிள்ளைக்கும் விடுமுறை.

பயமுறுத்துவதும் எடுபடாது. "நாற்பது வயதில் பல் கொட்டிவிடும்" என்றால் 14 வயதுக்காரனுக்கு நாற்பது வயது என்பது வேறு யாருக்கோ வருவது. அவனுக்கு உறைப்பது நாளைக்கு வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவன் முகத்தைத் திருப்பினானா என்பது. வாய் நாற்றத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்கள் நாக்கின் பின்பகுதியிலும் ஈறின் ஓரத்திலும் இருக்கும் கிருமிகளால் உண்டாகின்றன. இந்த ஒரு தகவலுக்கு அந்த வயதில் இருக்கும் மதிப்பு, சொத்தைப் பல் படம் போட்ட நூறு சுவரொட்டிக்கு இல்லை.

பழக்கம் எவ்வளவு நாளில் படியும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக ஆகச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்று கணக்கு வந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு "இவன் தேற மாட்டான்" என்று கைவிடுகிற பெற்றோர் இந்த எண்ணைக் குளிர்பெட்டியில் ஒட்டிவைக்கலாம்.

வீட்டில் என்ன மாற்றலாம்?

1. நேரத்தை முன்னே கொண்டுவாருங்கள். படுக்கப்போகும் நேரம் என்றால் தூக்கம் ஜெயிக்கும். இரவுச் சாப்பாடு முடிந்து கை கழுவும் அதே இடத்தில், அதே நேரத்தில் தேய்த்துவிடலாம். அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். ராத்திரி டீ வேண்டுமென்றால் சர்க்கரை இல்லாமல், பிஸ்கட்டுக்குப் பதில் வேர்க்கடலை. விடுதிப் பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். தட்டு கழுவப் போகும்போதே பிரஷ்ஷும் கையில் போனால் சரி, பத்து மணிக்கு இருட்டில் குளியலறை வரை நடக்க யாருக்கும் மனம் வராது.

2. ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். பிள்ளைகள் எதை மறந்தாலும் போனைச் சார்ஜில் போட மறப்பதில்லை. "தேய்த்த பிறகுதான் சார்ஜர்" என்ற ஒப்பந்தம், இருபது நினைவூட்டலுக்குச் சமம். ஒப்பந்தம் என்பதில் அழுத்தம் இருக்கட்டும், அவர்கள் ஒத்துக்கொண்டதாக இருக்க வேண்டும்.

3. உத்தரவை விட்டுவிட்டுக் கேளுங்கள். மதுப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்காக உளவியலாளர் வில்லியம் மில்லர் 1980களில் தொடங்கிய ஒரு பேச்சு முறை இன்று பல் மருத்துவத்திலும் பயன்படுகிறது. அதன் சாரம் எளிது: மாற வேண்டிய காரணத்தை நாம் சொல்லக் கூடாது, அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும். "ராத்திரி தேய்க்கிறதுல உனக்கு எது கஷ்டம்? எந்த நேரம்னா தோதுப்படும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது. பேசாமல் இருப்பதுதான் நமக்கு வராத பகுதி.

4. கண்ணால் காட்டுங்கள். படலம் பல் நிறத்திலேயே இருப்பதால் தெரிவதில்லை. அதை மட்டும் நிறம் மாற்றிக் காட்டும் சாயம் பல் மருத்துவர்களிடம் உண்டு. "இப்பத்தான் தேய்ச்சேன்" என்று சொன்ன வாயில் ஊதா நிறத் தீவுகள் தெரிந்தால் விவாதம் அங்கேயே முடிந்தது.

5. அப்பா தேய்க்கிறாரா? டிவி முன்னால் சோபாவிலேயே தூங்கிப்போகிற அப்பா இருக்கும் வீட்டில் இரவுத் தேய்ப்பு பிள்ளைகளுக்கான தண்டனையாகத்தான் தெரியும்.

பிரஷ்ஷை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது, கோலாவோ எலுமிச்சைச் சாறோ குடித்தால் அரை மணி நேரம் கழித்துத் தேய்ப்பது, புதிதாக வந்த கடைவாய்ப் பற்களின் ஆழமான குழிகளைச் சொத்தை வருமுன்பே பூச்சால் அடைப்பது பற்றி மருத்துவரிடம் கேட்பது, இவையும் பட்டியலில் உண்டு. கிளிப் போட்டிருக்கும் பிள்ளைகளுக்குக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். கம்பியைச் சுற்றி உணவு நின்று, ஒரே மாதத்தில்கூட வெள்ளைத் திட்டு விழலாம். ஆசையாகக் கிளிப்பைக் கழற்றும் நாளில் வரிசையான பல்லில் சதுரம் சதுரமாகத் தழும்பு தெரிந்தால் எப்படி இருக்கும்? கம்பிக்கு அடியில் நுழையும் சின்ன பிரஷ் தனியாக விற்கிறார்கள்.

உதட்டுக்குள் ஒரு பை

இதைச் சொல்லாமல் விட முடியாது. புகையிலைத் தூளைச் சின்ன வடிகட்டிப் பைக்குள் வைத்து, புதினா வாசத்தோடு, உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்ளும் பொருள் பள்ளி மாணவர்களிடம் புழங்குகிறது. கூல் லிப் என்றால் அவர்களுக்குத் தெரியும். 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை ஏன் நாடு முழுவதும் தடை செய்யக் கூடாது என்று கேள்வி எழுப்பியது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்பதும், கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்கெனவே குற்றம்தான்.

புகை இல்லை, எச்சில் துப்ப வேண்டியதில்லை, வாசம் நன்றாக இருக்கிறது. வீட்டில் கண்டுபிடிப்பது கடினம். பை வைக்கும் இடத்தில் உட்சதை வெளுத்துச் சுருங்குவதையும், ஈறு கீழிறங்குவதையும் பல் மருத்துவர்தான் பெரும்பாலும் முதலில் பார்க்கிறார். பாக்கு கலந்தவை இன்னொரு வகை ஆபத்து. பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தொடர்ந்து மென்றால் கன்னத்தின் உட்சதை இறுகி, வாய் திறப்பது குறுகிக்கொண்டே வரும். சாதாரண ரசம்கூடக் காரமாக எரிகிறது, தன் மூன்று விரல்களை நிமிர்த்தி வாய்க்குள் விட முடியவில்லை என்றால் உடனே காட்ட வேண்டும்.

வலிக்கும்வரை காத்திருப்பது

2013 முதல் நடக்கும் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு வந்து 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. பார்க்க வேண்டிய குறைகளின் பட்டியலில் பல் சொத்தையும் இருக்கிறது. குறை தெரிந்தால் மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைப்பார்கள். சென்னையில் பழைய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. மாவட்ட மருத்துவமனைகளிலும் பல் பிரிவு இருக்கிறது.

வலி இல்லையே என்று அந்தப் பரிந்துரைச் சீட்டு புத்தகப் பைக்குள்ளேயே மடங்கிப்போகும். எனாமலில் நரம்பு கிடையாது, சொத்தை அதற்குள் இருக்கும்வரை வலிக்காது. அந்த நிலையில் அடைக்க ஒரு முறை போய் உட்கார்ந்தால் போதும். ராத்திரி இரண்டு மணிக்குத் தாடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரும் நாளில் சொத்தை, நரம்பு இருக்கும் பல்லின் நடுக்கூழுக்குப் போய்விட்டிருக்கும். அப்புறம் வேர்ச் சிகிச்சை, அதற்கு மேல் உறை, பல முறை அலைச்சல், தனியார் மருத்துவமனை என்றால் பல ஆயிரம் ரூபாய். அதற்கும் வசதி இல்லாத வீட்டில், 15 வயதுப் பிள்ளையின் நிரந்தரக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிடுகிறார்கள்.